ஒன்றும் தெரியாதவர் நின்ற இடம்

அன்று சாயங்காலம் அக்கா கடைசியாகச் சொன்ன வேலை, தையல் மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றி டப்பாவில் போடு என்பதுதான்.

"ஆறாவது அத்தியாயத்தை அடுத்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கலாம்டா. அஞ்சாவதே இடுப்பை ஒடிச்சிருச்சு. ஊசியை எடுத்து வை, உன் பொண்டாட்டி கையில குத்திக்கிட்டா அதுக்கும் நான்தான் பேச்சு வாங்கணும்."

தம்பி ஊசியைக் கழற்றினான். அக்கா கையெழுத்துப் பிரதியில் ஆறாம் அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலை வைத்து மூடினாள். மெஷினுக்கு உறை போட்டு மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். சமையலறையிலிருந்து அவன் மனைவி, "மேஜை காலியாச்சா, இல்ல இன்னிக்கும் மடியில தட்டை வெச்சுத்தான் சாப்பிடணுமா?" என்று கேட்டாள். "காலி, காலி, மகாராணி வரலாம்" என்றாள் அக்கா.

மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஆட்டோ பிடித்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது அவள் இல்லை. ஐம்பத்தெட்டு வயது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவள் அக்கா. இருநூறு மெஷின்கள் ஓடும் கூடத்தில், இடுப்பில் ஒரு எண்ணெய்க் குப்பியோடு நடப்பாள். அங்கே அவளுக்குப் பெயர் ஆயிலக்கா. மெஷின் பக்கத்தில் போய் நின்று காதால் கேட்டே, "உனக்கு ஹூக்கு தேஞ்சு போச்சு", "உனக்கு பெல்ட் லூசு" என்று மெஷினிடமே சொல்லுவாளாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எனக்குப் பிடிச்சவனுக்கு ஸ்பேனர் சைஸ் தெரியல" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தம்பி மின்வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா. படிக்கிறதில் ஆசை உண்டு, கையால் எதையும் செய்யத் தெரியாது. குடையை விரிக்கும்போதுகூட ஒரு கம்பியை வளைத்துவிடுவான். இந்தக் குறைதான் பின்னால் அவனுக்கு ஒரு பதவி வாங்கிக் கொடுத்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடிதமும் ஒரு கட்டுத் தாளும் அக்கா பெயருக்கு வந்தன. அனுப்பியவர் ஒரு பதிப்பாளர். யாரும் கேள்விப்படாத பதிப்பகம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. பம்ப் பழுதுபார்ப்பது, மோட்டார் காயில் சுற்றுவது, குளிர்பதனப் பெட்டி, தையல் மெஷின் என்று பட்டறைக்காரர்களுக்குப் புத்தகம் போடுகிறவர். ஒவ்வொன்றும் ஐந்நூறு பிரதி. கடிதத்தில் சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார்:

'எங்களை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; உங்களைப் பற்றி ஒரு மெஷின் வியாபாரி சொன்னார். இத்துடன் உள்ள கையெழுத்துப் பிரதியை அச்சுக்கு முன் ஒருமுறை பார்த்துத் தவறுகளைச் சொல்ல முடியுமா? பணம் தர எங்களுக்கு வசதி இல்லை. இனிமேலும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அச்சானதும் இரண்டு பிரதி அனுப்புவோம். உங்கள் பெயரை உள்பக்கத்தில் போடுவோம்.'

தம்பி படித்துவிட்டுச் சிரித்தான். "நல்ல ஆளா இருக்காரே. இல்லைங்கறதையே மூணு விதமா சொல்றாரு."

அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணி, வாரத்துல ஆறு நாள் அந்தக் கூடத்துல நிக்கிறீங்க. ஏழாவது நாள் முகம் தெரியாதவருக்கு ஓசியில உழைக்கணுமா? அவர் புத்தகம் போட்டா அவர் பாத்துக்கட்டும்."

"நானும் அதத்தாம்மா நினைச்சேன்" என்றாள் அக்கா. "முடியாதுன்னு எழுதிப் போட்டுடலாம். ஆனா முடியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு தடவை படிச்சுட்டுச் சொல்றது மரியாதை."

மூன்று நாள் படித்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் முப்பத்தோராம் பக்கத்தை விரித்து வைத்து விரலால் ஒரு வரியைத் தட்டினாள். 'ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊசியை மாற்றவும்.'

"சரியாத்தானே இருக்கு?" என்றான் தம்பி.

"உனக்குச் சரி. இத எழுதினவருக்கும் சரி. வீட்டு மெஷினுக்கும் சரி. இது ஃபேக்டரி மெஷினைப் பத்தின புத்தகம். எங்க பெரிய மோட்டாரு ஸ்விட்சை அணைச்சதும் நிக்காதுடா, கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். அப்ப கால் தெரியாம பெடல்ல பட்டுச்சுன்னா ஊசி ஒரு தடவை கீழ இறங்கும். விரல் அங்கதான் இருக்கும். அணைச்சுட்டு, கையை எடுத்துட்டு, பெடலை மிதிச்சு மோட்டாரை முழுசா நிறுத்தணும். அப்புறம்தான் ஊசிகிட்டப் போகணும்." பக்கத்திலிருந்து விரலை எடுக்காமல், "சேர்ந்து ஒரு வாரமான பொண்ணுக்கு நான் கைக்குட்டையால விரலைக் கட்டியிருக்கேன். அந்தப் பொண்ணு ஸ்விட்சை அணைச்சுட்டுத்தான் மாத்திச்சு. சொன்னதச் சொன்னபடி செஞ்சுச்சு" என்றாள்.

அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

"இந்த ஒரு வரி அச்சாகக் கூடாது" என்றாள். "அதுக்காக ஒத்துக்கறேன். இந்த ஒரு புத்தகம் மட்டும்."

அன்றே பதில் எழுதினாள். பிறகு பதிப்பாளரின் கடிதத்தை நாலாக மடித்து, குனிந்து, சாப்பாட்டு மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தாள். அந்த மேஜை வாங்கிய நாளிலிருந்து ஆடும். கையால் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

"இருநூறு மெஷினை ரிப்பேர் பண்றீங்க, மேஜைக் காலுக்குக் கடுதாசியா அண்ணி?"

"ரிப்பேர் ஆயிடுச்சுல்ல? அப்ப அதான் ரிப்பேரு."

ஒரு புத்தகம் மட்டும் என்றது பதினான்கு ஆனது.

முதல் புத்தகத்திலேயே அக்கா ஒன்றைக் கண்டுபிடித்தாள். தான் படித்தால் தப்பு தெரிவதில்லை. வரி விட்டுப்போன இடத்தைத் தன் அறிவு தானாகவே நிரப்பிவிடுகிறது. ஒன்றும் தெரியாத ஒருவன் கையில்தான் புத்தகம் எங்கே கைவிடுகிறது என்று தெரியும். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜைமேல் ஒரு மோட்டாரோ பம்போ மெஷினோ வந்து உட்காரும். அக்கா வரி வரியாகப் படிப்பாள். தம்பி அந்த வரி சொன்னதை மட்டும் செய்யவேண்டும். யூகிக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாவிட்டால் கையைத் தூக்கி நிற்க வேண்டும்.

"புத்தியைச் செருப்போட வெளிய விட்டுட்டு வா" என்பாள்.

"அதை என்னிக்கி உள்ள கொண்டுவந்தாரு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

அவன் கை தூக்கிய இடத்தில் அக்கா சிவப்புப் பென்சிலால் கோடு போடுவாள். 'கவனமாக' என்ற சொல்லைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கவனமாகக் கழற்றவும் என்று வந்தால் ஒரே அடியாக அடிப்பாள். "எந்தப் பக்கம் திருப்பணும், எவ்வளவு அழுத்தணும், என்ன உடையும், அதச் சொல்லு. கவனமாங்கறது தெரியாதவன் எழுதற வார்த்தை." நல்ல இடத்தையும் விடமாட்டாள். ஒரு பம்ப் புத்தகத்தில் வால்வின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அறிக்கையின் முதல் வரியாக 'நாற்பதாம் பக்கப் படம் வரைந்த கைக்கு என் வணக்கம்' என்று எழுதினாள்.

ஒருமுறை அவன் மனைவிக்கும் அக்காவுக்கும் சண்டை மூண்டது. மேஜையில் கிரீஸ் கறை.

"ஓசிக்கு உழைக்கிறதுல உங்க குடும்பத்தை அடிச்சுக்க ஆள் இல்ல!"

"ஏம்மா, இருபது வருஷமா மூணு வேளை எங்களுக்குச் சமைச்சுப் போடறியே, மாசம் எவ்வளவு வாங்கற?"

அவன் மனைவி சிரித்தே விட்டாள். ஆனாலும் மெஷினைத் தொடமாட்டேன் என்ற கொள்கையில் மட்டும் பதினோரு வருஷமும் உறுதியாக இருந்தாள். துணி கிழிந்தால் கையாலேயே தைப்பாள்.

அக்கா போய் ஒன்றரை மாதம் கழித்துப் பதிப்பாளர் வந்தார். அதுவரை அவரைத் தம்பி பார்த்ததில்லை. மெலிந்த மனிதர். விரல் நுனிகளில் சணல் கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன. பார்சல்களை அவரே கட்டுவாராம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொண்டுவந்த பையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு அவங்களை எழுத்துலதான் தெரியும்" என்றார். "பதினாலு அறிக்கை. நான் சந்திச்சது ரெண்டே தடவை. அவங்க இருந்த வரைக்கும் தப்பான புத்தகம் போட்டுட்டமோன்னு நான் பயந்து எழுந்ததில்ல சார்."

தம்பி மேஜைமேல் இருந்த கையெழுத்துப் பிரதியை அவர் பக்கம் நகர்த்தினான். வீட்டுத் தையல் மெஷின் பராமரிப்பு. ஒன்பது அத்தியாயம். ஆறாவதில் சிவப்புப் பென்சில் அப்படியே இருந்தது. மெஷினும் உறை போட்டபடி மேஜை ஓரத்திலேயே இருந்தது. யாருக்கும் அதை எடுத்துவைக்க மனம் வரவில்லை.

"மூணு வாரத்துல அச்சுக்குப் போகணும்" என்றார் பதிப்பாளர். "அவங்க பேரைப் போடணும்னு எனக்கு ஆசை. ஆனா பாக்காத நாலு அத்தியாயத்துக்கும் சேத்து 'பரிசோதித்தவர்'னு அவங்க பேரைப் போட்டா, அத அவங்களே ஒத்துக்க மாட்டாங்க. பேரை எடுத்துடணும். அதச் சொல்லத்தான் நேர்ல வந்தேன். கடிதத்துல எழுத வரல."

தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

அவர் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். அக்காவின் அறிக்கைகள். "இன்னொன்னு கேக்கணும். எல்லாத்துலயும் இப்படி ஒண்ணு வருது பாருங்க." தாளைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் சதுர சதுரமான எழுத்து. 'இரண்டாம் அத்தியாயம், நான்காம் படி: ஒன்றும் தெரியாதவர் இங்கே நின்றார்.' இன்னொரு தாள். 'ஒன்றும் தெரியாதவர் இங்கே இருபது நிமிஷம் நின்றார். தப்பு அவர்மேல் இல்லை.' இன்னொன்று. 'இந்த வரியில் ஒன்றும் தெரியாதவர் நிற்காமல் தாண்டினார். எழுதியவருக்குப் பாராட்டு.'

"இது அவங்க மனசுல கற்பனை பண்ணிக்கிட்ட வாசகர்னு நினைச்சிருந்தேன்" என்றார். "நெஜமாவே ஒருத்தர் இருந்தாரா?"

சமையலறை வாசலில் நின்ற மனைவி, "இதோ உக்காந்திருக்காரே" என்றாள்.

பதிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே கை கூப்பினார். கூச்சத்தோடு தம்பியும் எழுந்து நின்றான். அக்கா தன்னைப் பற்றி என்ன எழுதினாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. 'தப்பு அவர்மேல் இல்லை' என்ற வரியை இன்னொரு தரம் படிக்க வேண்டும் போலிருந்தது.

"மீதி நாலையும் நீங்க பாத்துட்டா அவங்க பேரைப் போட்டுடலாம், பாப்பீங்களா?" என்றார் அவர். "பணம்..."

"தெரியும்" என்றான் தம்பி. "ரெண்டு பிரதி." பிறகு, "எனக்கு மெஷினைப் பத்தி என்ன சார் தெரியும்? யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள். "யோசிக்க என்ன இருக்கு? அண்ணிக்குத் தெரியும், பாத்தாங்க. உங்களுக்குத் தெரியாது. தெரியாம ஒண்ணைச் சரின்னு எழுதி, யாராவது கையைக் குத்திக்கிட்டா?"

"அவ பேரு வராதே."

"அதுக்காக?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "வரணும்தான். ஆனா உங்க தப்புமேல அவங்க பேரு வரக்கூடாது."

அந்தப் பேச்சு ஒரு வாரம் அவன் தலைக்குள் ஓடியது. அலுவலகத்தில் ஒரே ரசீதில் இரண்டு தரம் முத்திரை குத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் உறையை எடுத்தான். ஒரு அத்தியாயம் செய்துபார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது அவன் எண்ணம்.

ஆறாம் அத்தியாயம் நூல் கோப்பது பற்றி. ஊசியைப் பொருத்தினான். தானே படித்து, தானே செய்தான். நூல்கண்டைக் கம்பியில் மாட்டினான். நூலை, அதை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே செலுத்தி, மேலும் கீழும் போகிற கொக்கியில் மாட்டி, ஊசிக் கண்ணில் கோத்தான். துணியை வைத்து ஓட்டினான். தையல் எறும்பு வரிசைபோல நேராக விழுந்தது. எங்கேயும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தாளில் 'ஆறாம் அத்தியாயம்: குறை ஒன்றும் இல்லை' என்று எழுதினான்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு புத்தகத்தில் ஒரு அத்தியாயம்கூட அக்கா கையிலிருந்து குறையில்லாமல் போனதில்லை.

"முடிஞ்சுதா?" என்று மனைவி வந்தாள்.

"முடிஞ்சுது. ஒரு தப்பும் இல்ல."

"ஒண்ணுகூடவா? அண்ணி கேட்டா சிரிப்பாங்க." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மெஷினைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தள்ளுங்க."

"என்னது?"

"தள்ளுங்கன்னேன். நீங்க பதினோரு வருஷமா இதுல கை வெச்சிருக்கீங்க. இன்னும் என்ன ஒன்றும் தெரியாதவரு? அந்த வேலைக்கு இந்த வீட்டுல இப்ப நான்தான் இருக்கேன். படிங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தம்பி நூலையெல்லாம் உருவினான். ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசி வரி, 'வேலை முடிந்ததும் துணியை அழுத்தும் ஃபுட்டை இறக்கி வைக்கவும்' என்றது. அதன்படி ஃபுட்டை இறக்கினான். அங்கிருந்து படிக்கத் தொடங்கினான்.

அவள் செய்வதைப் பார்க்க அவனுக்கு அக்காவின் விதி ஞாபகம் வந்தது. சொல்லாததைச் செய்யவே மாட்டேன் என்கிறாள். 'நூலை டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே செலுத்தவும்' என்று படித்தான். செலுத்தினாள். கொக்கி. ஊசிக் கண், நாக்கைத் துருத்திக்கொண்டு மூன்றாவது முயற்சியில் கோத்தாள். ஃபுட்டுக்கு அடியில் மெல்லிய துணியைச் செருகிப் பெடலை மிதித்தாள். மெஷின் நாலு அங்குலம் ஓடி, உறுமி, நின்றது.

துணியைத் திருப்பினாள். அடியில் நூல் குருவிக் கூடுபோலச் சுருண்டு கிடந்தது.

அவள் முகம் விழுந்துவிட்டது. "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"மறுபடி பண்ணு."

மறுபடி கோத்தாள். மறுபடி குருவிக் கூடு. புத்தகம் இதற்கு வழி சொல்லியிருந்தது: 'துணிக்கு அடியில் நூல் சிக்கினால் கீழ்நூல் பெட்டியின் திருகை இறுக்கவும்.' அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "இரு" என்றான் தம்பி. "அதைத் தொடாத. நான் ஒரு தடவை பண்றேன், என் கையைப் பாரு."

அவன் நூலை எடுத்தான். தட்டுகளுக்கு அருகில் கொண்டுபோனான்.

"நிறுத்துங்க!" என்றாள். "அது என்ன?"

"எது?"

"உங்க இடது கை. பின்னால எதையோ தூக்குச்சே. அத நீங்க படிக்கவே இல்லையே."

அவன் தன் கையைப் பார்த்தான். மெஷினுக்குப் பின்னால் இருந்த ஃபுட் லீவரை அது தூக்கியிருந்தது. அவனைக் கேட்காமலேயே தூக்கியிருந்தது. ஃபுட் இறங்கியிருந்தால் அந்தத் தட்டுகள் இரண்டும் இறுக ஒட்டியிருக்கும். நூல் நடுவே போகாமல் மேலேயே நின்றுவிடும். தூக்கினால்தான் தட்டு திறந்து நூலை வாங்கிக்கொள்ளும். ஃபேக்டரி மெஷின் புத்தகத்தில் முதல் தடவை அவன் இப்படித்தான் குருவிக் கூடு கட்டினான். அக்கா அவன் கையைப் பிடித்து லீவரில் வைத்து, "முதல்ல இது, அப்புறம்தான் நூல்" என்றாள். அந்தக் கை பதினோரு வருஷமாக அதை மறக்கவில்லை. எழுதியவர் கைக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் எழுத விட்டுப்போயிருக்கிறது.

இதைப் படிக்கிறவர் புத்தகம் சொன்னபடி திருகை இறுக்குவார். நூல் அப்போதும் சிக்கும். இன்னும் இறுக்குவார். நல்ல மெஷின் கெட்டுப்போகும். தனக்கு வரவில்லை என்று உறை போட்டு மூடிவிடுவார்.

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்றான். லீவரைத் தொட்டுக் காட்டினான். "நான்தான் பண்ணேன்."

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "அப்ப நான் கை தூக்கியிருக்கணுமா?"

"தூக்கிட்ட."

தான் எழுதிய தாளைக் கிழித்தான். பிரதியின் உள்ளே இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தான். அக்கா பல்லால் கடித்த தடம் அதில் இருந்தது. புதுத் தாளில் எழுதினான்: 'ஆறாம் அத்தியாயம், மூன்றாம் படி: ஒன்றும் தெரியாதவர் இங்கே நின்றார். தப்பு அவர்மேல் இல்லை. நூல் கோப்பதற்கு முன் ஃபுட்டைத் தூக்கவும் என்ற வரி வேண்டும். திருகை இறுக்கச் சொல்வதற்கு முன்பும் அதைச் சொல்ல வேண்டும்.'

மறுநாள் அலுவலகத்திலிருந்தே பதிப்பாளருக்குப் போன் செய்தான்.

"எங்க அக்கா பாத்தது ரெண்டு வேலை சார். விஷயம் சரியான்னு பாத்தா. வரி சரியான்னும் பாத்தா. முதலாவது எனக்கு வராது. அவ ஃபேக்டரியில இப்ப மெக்கானிக்கா இருக்கிறவங்களைக் கேட்டேன், அவங்க பாத்துத் தர்றேன்னாங்க. ரெண்டாவதை நாங்க பாக்கிறோம்."

"நாங்கன்னா?"

"ஆள் மாறியிருக்கு. நான் இப்ப படிக்கிற ஆள். ஒன்றும் தெரியாதவர் எங்க வீட்டுல."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அப்ப அவங்க பேரு வரும்" என்றார் பதிப்பாளர்.

மீதி இருந்த இரண்டு வாரத்துக்குள் நாலு அத்தியாயமும் முடிந்தன. மனைவி பதினேழு இடத்தில் நின்றாள். ஒவ்வொரு தரமும் கையைத் தூக்கிவிட்டு, அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்து, "நிக்கிறேன் அண்ணி, எழுதிக்கச் சொல்லுங்க" என்பாள். எட்டாம் அத்தியாயத்தில் எண்ணெய் விடும் இடங்களைப் படமாகப் போட்டிருந்த விதத்தைப் பார்த்து, "இது நல்லாருக்கே. இதையும் எழுதுங்க, வெறுமனே குத்தம் மட்டும் சொல்லாம" என்றாள். எழுதினான்.

புத்தகம் வந்தபோது இரண்டு பிரதிகள் இருந்தன. உள்பக்கத்தில் பரிசோதித்தவர் என்று அக்காவின் பெயர், அதன்கீழே தொழிற்சாலை மெக்கானிக்கின் பெயர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'ஒன்றும் தெரியாதவர்கள்: இருவர்' என்று இருந்தது. பதிப்பாளரின் வேலை.

"ஒண்ணு எனக்கு" என்று மனைவி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனாள். கட்டில் விரிப்பின் கிழிந்த ஓரத்தை மெஷினில் வைத்தாள். புத்தகத்தைப் பார்க்காமலே இடது கையால் லீவரைத் தூக்கினாள்.

அவள் தைக்கும்போது கீழ்நூல் சுற்றிய பாபின் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. தம்பி அதை எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தான். நாலாக மடித்த கடிதம் காலுக்கு அடியில் இருந்தது. ஓரம் பழுப்பேறியிருந்தது. 'வசதி இல்லை' என்பதில் பாதி வெளியே தெரிந்தது. மெஷின் மேலே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மேஜை ஆடவில்லை.